புத்துயிர் பெற்ற நீராவி எஞ்சின்



2010 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள், சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஆவடிக்கு ஒரு சிறு புகைவண்டி சென்றது. மின்சார வண்டியில் நாள்தோறும் பல்லாயிரவர் போய்வரும் தொலைவுதான் அது. ஆயினும் அன்று வண்டியை இழுத்துச் சென்ற எஞ்சின், 1855 இல் இங்கிலாந்து நாட்டின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டது. 1857 ஆம் ஆண்டுப் புரட்சிக்கு இரண்டு ஆண்டுகள் மூத்தது. தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அதற்கும் இது மூத்தது. 1909 இல் பணியிலிருந்து விலக்கப்பட்டு, 101 ஆண்டுகள் காட்சிப் பொருளாக அசையாது நின்ற அந்த எஞ்சின், அன்று தன் சொந்த நீராவியின் வலிமையாலேயே நகர்ந்தது.

நூறாண்டு உறங்கிய இரும்பை எழுப்புவது எவ்வாறு? எழுந்து ஓடுவது அந்தப் பழைய எஞ்சின்தானா, அல்லது அதன் பெயரைத் தாங்கிய புதிய எஞ்சினா? இந்த இரண்டு வினாக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

எனக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 1879 ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டது. அப்போது அது மீட்டர் பாதை. நான் சிறுவனாக இருந்தபோது அப்பாதையில் நீராவி எஞ்சின்களே ஓடின. விடுமுறை நாட்களில் சாரத்திலிருந்து நிலையம் வரை நடந்துபோய், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயர்மேன் கரியை அள்ளி வீசும்போது நெருப்புப் பெட்டியின் கதவு ஒரு கணம் திறந்து மூடும். அந்த ஒரு கணச் செந்நிறம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. பாதை பின்னர் அகலப் பாதையாயிற்று, எஞ்சின்களும் மறைந்தன.

இனி நம் எஞ்சினின் வரலாற்றுக்கு வருவோம். கிழக்கிந்திய ரயில்வே 1854 ஆகஸ்டு 15 ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை தன் முதல் வண்டியைப் பொதுமக்களுக்காக ஓட்டியது. அடுத்த ஆண்டில் அந்தக் கம்பெனிக்காக, கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் என்னும் லீட்ஸ் நிறுவனத்தார் செய்தனுப்பிய எஞ்சின்களில் இரண்டு மட்டும் காலத்தை வென்று நிற்கின்றன. ஒன்று 21 ஆம் எண் எஞ்சின். ‘எக்ஸ்பிரஸ்’ என்பது அதன் பெயர். மற்றொன்று 22 ஆம் எண். அதற்கு ‘ஃபேரி குவீன்’, அதாவது தேவதை அரசி என்று பெயர். இரண்டும் உடன்பிறப்புகள். இரண்டும் 1909 இல் ஓய்வு பெற்றன. மூத்தது ஜமால்பூர்ப் பட்டறையிலும் ஹவுராவிலும் நின்றது. இளையது ஹவுராவில் நீண்ட காலம் நின்று, 1943 இல் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, பின்னர் டில்லி ரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது.

இளையதே முதலில் விழித்தெழுந்தது. சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் செப்பனிடப்பட்டு, 1997 இல் டில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளுடன் ஓடிற்று. முறையாக இயங்கும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே பழையது இதுவே என்று 1998 இல் கின்னஸ் நூல் அதைப் பதிவு செய்தது. அதன்பின் மூத்ததும் பெரம்பூருக்கே வந்து, 2010 இல் உயிர்பெற்றது.

பழுதுபார்ப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு படி நீர் முழுவதும் ஆவியாக மாறினால், சாதாரண வளியழுத்தத்தில் அது 1,600 படிக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு இடத்தை அதற்குக் கொடாமல் இரும்புக் கொதிகலனுக்குள் அடைத்து வைத்தால், அது வெளியேற வழி தேடி எல்லாத் திசையிலும் நெருக்கும். அந்த நெருக்கத்தை ஓர் உருளைக்குள் விட்டு, பிஸ்டனைத் தள்ளச் செய்து, அதன் முன்பின் ஓட்டத்தை இணைப்புத் தண்டின் வழியாகச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறோம். நீராவி எஞ்சினின் தத்துவம் இவ்வளவே.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். இவ்வகை எஞ்சினின் உருளைக்கு விட்டம் 12 அங்குலம். ஆகவே பிஸ்டன் முகத்தின் பரப்பு ஏறக்குறைய 113 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 100 ராத்தல் விசையுடன் நீராவி அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்மேல் விழும் மொத்த விசை 11,300 ராத்தல். அதாவது ஏறத்தாழ ஐந்து டன். இனிச் சக்கரத்தைப் பாருங்கள். முன்னே இரண்டு சிறு சக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள், நடுவே ஆறடி விட்டமுள்ள இரண்டு பெரிய சக்கரங்கள். நடுச் சக்கரங்களே வண்டியை இழுப்பவை. ஒரு சுற்றுக்கு எஞ்சின் ஏறக்குறைய 19 அடி முன்னேறும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அச்சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுப் பதினாறு என்று விடை வந்தால் சரி.

ஆக, எஞ்சினின் உயிர்நிலை கொதிகலன். சக்கரம் தேய்ந்தால் வண்டி ஆடும். உருளை தேய்ந்தால் வலிமை குறையும். கொதிகலன் நைந்திருந்தாலோ ஆளையே கொன்றுவிடும். இந்த உண்மையை நான் புத்தகத்தில் படித்துப் பிறருக்குக் கற்பித்தவன். ஆயினும் அனுபவத்தால் கற்றது பின்னால்தான். அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

அறிவியல் ஆசிரியனாக நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆய்வுக்கூட அலமாரியில், பித்தளையால் ஆன சிறிய நீராவி எஞ்சின் மாதிரி ஒன்று பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இயக்கிக் காட்டினால் பாடம் பசுமரத்தாணிபோல் பதியும் என்று எண்ணினேன். புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கினேன். தண்ணீர் ஊற்றி, சாராய விளக்கை ஏற்றினேன். சிறிது நேரத்தில் சக்கரம் சுழன்றது. என் உள்ளமும் துள்ளியது. மறு நிமிடமே கொதிகலனின் பற்றுவைத்த மூட்டு ஒருபுறம் பிளந்து, சூடான ஆவி என் வலக்கையில் பீறிட்டது. வகுப்பில் காட்டுவதற்கு முதல்நாள் மாலையில் தனியாகச் செய்து பார்த்தேன் என்பதே என் நல்வினை. மாணவர் எவரும் அருகில் இல்லை.

கையில் கட்டுடன் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் இருந்த ஒரு முதியவரிடம் சென்றேன். அவர் பஞ்சாலை ஒன்றில் கொதிகலன் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாத்தியாரே, வெளியே நன்றாகத் துலக்கியிருக்கிறீர்கள். உள்ளே பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை, மேஸ்திரி” என்றேன்.

“முதலில் உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, எல்லா வழியையும் அடைத்து, பம்பு அடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரானால் ஒழுகும், ஆவியானால் வெடிக்கும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய விஞ்ஞானம் அடங்கியிருந்தது. நீரை எவ்வளவு அழுத்தினாலும் அதன் பருமன் மிகச் சிறிதே குறையும். ஆகவே ஓரிடத்தில் விரிசல் கண்டால் சில துளி வெளியேறியதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், தீங்கில்லை. ஆனால் அடைபட்ட நீராவி, சுருட்டி வைத்த வில்கம்பியைப் போன்றது. வழி கிடைத்த மாத்திரத்தில் பன்மடங்கு விரியும். அத்துடன், அழுத்தத்தில் இருந்த சுடுநீரும் அழுத்தம் நீங்கியதும் ஆவியாக மாறி, அழிவைப் பெருக்கும். பழைய எஞ்சினை எழுப்பும் பணிமனையிலும் இதே நெறிதான். நெருப்பு மூட்டுவதற்கு முன்பு, கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, பின்னர் அது தாங்கவேண்டிய அழுத்தத்தைவிட மிகுதியாக, பொதுவாக ஒன்றரை மடங்கு வரை அழுத்திப் பார்ப்பார்கள்.

இனிப் பணிமனையின் வேலைகளை வரிசையாகக் காண்போம். முதல் வேலை பிரித்தல். மரைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இட்டு, இருந்த இடத்தைக் குறித்து வைக்கவேண்டும். பிரிக்கத் தெரிந்தவன் பூட்டத் தெரிந்தவன் ஆகான் என்பது பட்டறைக்காரர் அறிந்த உண்மை.

இரண்டாவது வேலை அளத்தல். 1855 ஆம் ஆண்டு எஞ்சினுக்கு எந்தக் கடையிலும் உதிரிப் பாகம் கிடையாது. மலிவான எஃகு செய்யும் முறையைப் பெசமர் என்பவர் உலகறிய அறிவித்ததே 1856 இல்தான். அதற்கு முந்திய எஞ்சின், கொல்லனின் தேனிரும்பாலும் வார்ப்பிரும்பாலும் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. திருகாணியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1841 இல் வகுத்த திருகுப் புரிக்குக் கோணம் 55 பாகை. இன்று நாம் வாங்கும் மெட்ரிக் திருகாணிக்கு 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் மற்றொன்று சரியாகப் பொருந்தாது. ஆதலால் இல்லாத பாகத்தை முதலில் அளவெடுத்து வரைந்து, மரத்தில் அச்சு செய்து, உலோகத்தில் வார்த்து, கடைசல் இயந்திரத்தில் செதுக்கிச் செய்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது கொதிகலன். அதன் ஒரு முனையில் நெருப்புப் பெட்டி; மறு முனையில் புகைப்பெட்டி. இரண்டையும் இணைத்து, நீரின் நடுவே பல குழாய்கள் ஓடும். நெருப்பின் சூடான வாயு அக்குழாய்களுக்குள் சென்று நீரைக் கொதிக்க வைக்கும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிகலனிலும் அவ்வாறே படியும். படிவு தடித்தால் சூடு நீருக்குச் செல்லாது. உலோகம் அளவுக்கு மீறிக் காய்ந்து வலுவிழக்கும். முற்காலத்தில் சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டி, ஓசையைக் கொண்டே அதன் நலத்தை அறிந்தனர். இன்று செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, தகட்டின் தடிமனைக் கருவியால் அளக்கின்றனர். தேறாத குழாய்களை மாற்றுவர். தகடும் தேறாவிட்டால் கொதிகலனையே புதிதாகச் செய்வர்.

நான்காவது சக்கரமும் அச்சும். நம் ஊர்க் கருமார் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதை உங்களுள் சிலரேனும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சக்கரத்துக்கும் மேற்பட்டையை இதே முறையில்தான் ஏற்றுகின்றனர். லீட்ஸ் நகரத்துப் பொறியாளரும் நம் ஊர்க் கருமாரும் ஒரே இயற்கை விதிக்கு மாணவர்கள்.

ஐந்தாவது பாதுகாப்பு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் காப்பு வால்வு வேண்டும். நெருப்புப் பெட்டியின் கூரையில், எளிதில் உருகும் உலோகம் அடைத்த ஓர் ஆணியைப் பொருத்துவதும் உண்டு. நீர்மட்டம் கூரைக்குக் கீழே இறங்கினால் அவ்வுலோகம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். இவை பழைய ஏற்பாடுகள். இன்றைய பாதையில், வேக வண்டிகளுக்கு நடுவே ஓடுவதற்கு இவை போதா. ஆதலால் 21 ஆம் எண் எஞ்சினில் காற்றழுத்தத் தடை போன்ற இக்கால ஏற்பாடுகளும் சேர்க்கப்பட்டன.

இங்கேதான் நம் இரண்டாம் வினா எழுகிறது. குழாய் புதிது, திருகாணி புதிது, தடை புதிது என்றால், எது பழையது? கிரேக்கர்கள் இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே கேட்டார்கள். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் போற்றிக் காத்தார்கள். உளுத்த பலகையை நீக்கிப் புதிய பலகையை வைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகைகளும் மாறிய பின்னரும் அது தீசியஸின் கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூடார்க் எழுதியுள்ளார்.

இதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பழம்பொருளைத் தொடாமல் வைத்திருந்தால், அதைச் செய்தவன் சுத்தியலால் அடித்த தழும்பும் நமக்குச் சான்றாக நிற்கும். ஓடவிட்டால் ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது தேயும். தேய்ந்ததை மாற்றினால் சான்று சிறிது அழியும். அதற்காகவே, எந்தப் பாகம் பழையது, எது புதியது என்று எழுதி வைப்பதும், கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் பேணுவதும் இத்தொழிலின் நேர்மை என்று நான் கருதுகிறேன். ஓட்டாமல் வைத்திருப்பதிலோ மற்றோர் இழப்பு உண்டு. அந்த இழப்பு இரும்பில் நேர்வதன்று, மனிதரிடம் நேர்வது.

இதற்குச் சான்று நீராவி எஞ்சினின் தாய்நாடாகிய பிரிட்டனிலேயே இருக்கிறது. அந்நாட்டின் பெரும்பாதைகளில் நீராவி வண்டிச் சேவை 1968 இல் முடிந்தது. ‘ஏ 1’ என்னும் வகையில் 49 எஞ்சின்கள் இருந்தன. ஒன்றும் மிஞ்சாமல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். பின்னர் ஆர்வலர் சிலர் 1990 இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, அவ்வகையில் ஓர் எஞ்சினைப் புதிதாகச் செய்ய முற்பட்டனர். ‘டொர்னேடோ’ என்னும் அந்த எஞ்சின் ஓடத் தொடங்கியது 2008 இல். பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. அதன் கொதிகலனை அவர்கள் ஜெர்மனியின் மைனிங்கன் நகரத்துப் பணிமனையில் செய்வித்துக்கொள்ள நேர்ந்தது. உலகுக்கெல்லாம் எஞ்சின் அனுப்பிய நாடு, ஒரு கொதிகலனுக்கு அயல்நாட்டை நாடிற்று! இரும்பும் நிலக்கரியும் அங்கே குறைந்துவிட்டனவா? இல்லை. அப்படிப்பட்ட வேலையைச் செய்யும் பட்டறையும் பழகிய கைகளும் கலைந்து போயின.

நம் நாட்டிலோ, அகலப் பாதையில் வழக்கமான நீராவி வண்டி 1995 டிசம்பரில்தான் நின்றது. ‘ஃபேரி குவீன்’ மீண்டும் ஓடியது 1997 இல். இடைவெளி இரண்டே ஆண்டுகள். நீராவியோடு பழகிய கைகள் இன்னும் பணிமனைகளில் இருந்த காலம் அது. இன்னும் முப்பது ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அதே எஞ்சினும் அதே பணிமனையும் இருந்திருக்கும். அந்தக் கைகள் இருந்திருக்கமாட்டா. ஆகவே நம் எஞ்சின் பிழைத்ததற்குக் காரணம் அதன் இரும்பின் உறுதி மட்டுமன்று. உரிய காலத்தில் அறிந்தவர் இருந்ததும் ஆகும்.

பயன்படுத்தும் வித்தை வளரவும் செய்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் பல்சக்கரப் பாதையில் ஏற்றம் மிகுந்த இடங்களில், ஏறக்குறைய 12 அடி சென்றால் ஓர் அடி உயரவேண்டும். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின்களே நெடுங்காலம் அவ்வேலையைச் செய்தன. பழையவற்றைச் செப்பனிட்டுப் பழகிய திருச்சிப் பொன்மலைப் பணிமனை, பின்னர் அப்பாதைக்கான புதிய எஞ்சின்களைத் தானே கட்டிற்று. 2021 இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்றையும் செய்து முடித்தது. பழுதுபார்த்தவர்களே படைப்பவர்களாயினர்.

ஆகவே இரண்டாம் வினாவுக்கு என் விடை இதுதான். எஞ்சினில் பழையதாக எஞ்சியிருப்பது இரும்பு மட்டுமானால், ஒவ்வொரு பாகம் மாறும்போதும் அது குறைந்துகொண்டே போகும். ஆனால் அதைச் செய்யும் அறிவும் ஓட்டும் அறிவும் ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறுமானால், அது அதே எஞ்சின்தான்.

பித்தளை மாதிரி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். மேஸ்திரி அதைப் பிரித்து, வெள்ளிப் பற்றுவைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்திக் காட்டினார். அதைச் செய்தபோது என்னையும் இரண்டு மாணவர்களையும் அருகில் உட்காரவைத்து, எங்கள் கையாலேயே பம்பு அடிக்கச் சொன்னார். மறுவாரம் வகுப்பில் அது ஓடிற்று. அவர் இன்று இல்லை. அந்தச் சோதனையை எவ்வாறு செய்வது என்பது மட்டும் மூவருக்குத் தெரியும். இன்று நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் தெருவிலும், தன் தொழிலை மனத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் சென்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். இயன்றால் ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்.